மண் காத்த மனைகள்

மரத்தால் எழுப்பிய மாளிகைக்குத் தீயும் போரும் பகை. சீன நாட்டில் கி.மு. 206 முதல் கி.பி. 220 வரை, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, ஹான் மரபினர் ஆண்டனர். அவர்தம் தலைநகரான லோயாங் கி.பி. 190-இல் தீக்கிரையாயிற்று. அக்காலத்து மரக் கட்டிடம் ஒன்றேனும் இன்று இல்லை. அந்நாட்டில் எஞ்சியுள்ள மரக் கட்டிடங்களுள் மிகப் பழையதெனக் கருதப்படும் நான்சான் கோயில் மண்டபமே கி.பி. 782-ஆம் ஆண்டினதுதான்.

அவ்வாறாயின், ஹான் காலத்து வீடுகளின் தோற்றத்தை நாம் எவ்வாறு அறிகிறோம்? கல்லறைகள் விடை கூறுகின்றன. ஊர் பெயர்ந்து செல்வோர் வேண்டுவனவற்றை உடன் கொண்டு செல்வரன்றோ? இறந்தோர்க்கும் மறுமையில் மனை வேண்டுமென அம்மக்கள் எண்ணினர். ஆதலின் வீடு, காவற் கோபுரம், நெற்களஞ்சியம், கிணறு, பன்றித் தொழுவம் ஆகியவற்றைக் களிமண்ணால் சிறு வடிவில் செய்து, சூளையிலிட்டுச் சுட்டு, கல்லறையுள் வைத்தனர். சிலவற்றிற்குப் பச்சை மெருகும் பூசினர். உயர்ந்த கோபுரங்களை மாடம் மாடமாகத் தனித்தனியே செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர்.

இவை அளவெடுத்துச் செய்த படிவங்கள் அல்ல. எனினும் ஓட்டு வரிசை, சாளரம், கைப்பிடிச் சுவர், இறவாரத்தைத் தாங்கும் போதிகை ஆகியன இவற்றில் தெளிவாகத் தெரிகின்றன. மரத்தச்சரின் மறைந்த கலையைக் குயவரின் கைவண்ணம் காத்துத் தந்தது. அரண்மனைகளைப் பற்றி ஏடுகள் பேசும். தொழுவத்தையும் கிணற்றையும் நம் கண்முன் நிறுத்துவன இச்சுடுமண் பொருள்களே. அரண்மனைகள் அழியாது நின்றிருப்பினும், இவ்வளவும் நமக்குக் கிட்டியிராது.