லலிதாஜி போட்ட கணக்கு: ஆளை நிறுத்தும் விளம்பர வரியை எழுதுவது எப்படி?

கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது கார்டன் ரீச். கப்பல் கட்டும் தளத்துக்குப் பெயர் போன இடம். உங்கள் வீட்டு சோப்பு டப்பாவுக்கும் அந்த ஊருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. அங்கிருந்த நார்த் வெஸ்ட் சோப் கம்பெனி ஆலையை 1934-ல் வாடகைக்கு எடுத்துத்தான் லீவர் நிறுவனம் கல்கத்தாவில் தன் சோப்புகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

அதற்கு 46 ஆண்டுகள் முன்பு, 1888-ல், கல்கத்தா துறைமுகத்தில் வந்திறங்கிய சன்லைட் சோப்புச் சரக்கில், இங்கிலாந்தில் லீவர் பிரதர்ஸ் தயாரித்தது என்று பொறித்திருந்தார்கள். அதுவும் விளம்பர வரிதான். 'சீமைச் சரக்கு' என்றாலே மதிப்பு இருந்த காலம். ஆனால் சோப்பு கார்டன் ரீச்சிலேயே தயாரானதும் அந்த வரி பொருந்தாது. வாங்குபவருக்கு வேறு காரணம் சொல்லணும். 1941-ல் லக்ஸ் விளம்பரத்துக்கு நடிகை லீலா சிட்னிஸ் வந்தார்.

நட்சத்திர முகம் எல்லாச் சரக்குக்கும் கைகொடுக்காது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் சைக்கிளில் வீடு வீடாக விற்க ஆரம்பித்த நிர்மா, பின்னாளில் லீவரின் சர்ஃபை ஆட்டம் காண வைத்தது. காரணம், விலை. லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தின் அலிக் பதம்சி அதற்குத் தந்த பதில்தான் லலிதாஜி. தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டீங்க. கவிதா சவுத்ரி நடித்தது. காய்கறிக்கு விடாமல் பேரம் பேசும் தன் அம்மாதான் லலிதாஜிக்கு முன்மாதிரி என்று பதம்சியே சொல்லியிருக்கிறார்.

லலிதாஜி 'உலகத்தரம்' என்றெல்லாம் அளக்கவில்லை. 'இதுக்கு ஏன் இவ்வளவு காசு?' என்பதுதான் வாங்குபவரின் கேள்வி. அரை கிலோ சர்ஃப், மலிவான பவுடர் ஒரு கிலோ செய்யும் வேலையைச் செய்யும் என்பது பதில். மனக்கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம்.

இப்போ உங்க கடைக்கு வருவோம். கார்டன் ரீச்சை ஒட்டிய மெட்டியாபுரூஸ், ரெடிமேட் துணிக்குப் பேர்போன தையல்காரர் பேட்டை. அங்கிருந்து குழந்தைகள் ஃபிராக் வாங்கி வாட்ஸ்அப்பில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'தரமான துணி, நியாயமான விலை' என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். எல்லாக் கடையும் அதைத்தான் சொல்லுது. ஒரு வாரம், வாடிக்கையாளர் வாங்கும் முன் என்ன கேட்கிறார் என்று அப்படியே குறித்து வையுங்கள். 'சாயம் போகுமா?' என்று கேட்டால் உங்கள் வரி தயார்: 'பத்துத் தடவை துவைச்சுப் பார்த்துட்டோம், சாயம் போகலை.' எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். கடையில் பேசுகிற மாதிரி இல்லையென்றால் மாற்றி எழுதுங்கள்.

ஒரு விஷயம், பத்துத் தடவை நிஜமாகவே துவைத்திருக்கணும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளருக்கோ விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கோ 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. 2022-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகள் இன்னொன்றும் சொல்கின்றன: விளம்பரம் எந்த மொழியிலோ, நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும். 'சாயம் போனால் பணம் வாபஸ்' என்று தமிழில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அடியில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் நட்சத்திரக் குறி போடக் கூடாது.