உழைத்து உண்போம், பகிர்ந்து உண்போம்



பட்டணத்துக்குப் போகும் வழியில் சீக்கியர்களின் கோயிலாகிய குருத்வாராவை நம்மில் பலர் கண்டிருப்போம். யார் உள்ளே சென்றாலும், இனமும் மதமும் கேளாமல் சோறும் ரொட்டியும் அளித்து உபசரிப்பார்கள். 'லங்கர்' எனப்படும் இந்த வழக்கத்தின் வேரைத் தேடினால், நாம் ஐந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1469ஆம் ஆண்டில் பஞ்சாபின் தல்வண்டி என்னும் சிற்றூரில் குரு நானக் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்ற பெயரோடு விளங்குகிறது. இளமையில் அவர் சுல்தான்பூரில் தௌலத் கான் லோடியின் பண்டசாலையைக் கவனித்து வந்தார். பிறகு வேலையைத் துறந்து, ஊர் ஊராக நடந்து இறைவன் ஒருவனே என்று பாடினார். உடன் சென்று ரபாப் என்னும் நரம்புக் கருவியை இசைத்தவர் மர்தானா. நானக் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர், மர்தானாவோ இஸ்லாமியர். அந்தத் தோழமையே ஒரு பாடமன்றோ!

சீக்கியர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. சைத்பூரில் நானக், லாலோ என்ற ஏழைத் தச்சர் வீட்டில் தங்கினார். அவ்வூர் அதிகாரி மாலிக் பாகோ அளித்த பெருவிருந்துக்கு அவர் செல்லவில்லை. காரணம் கேட்டபோது, இருவர் வீட்டு ரொட்டியையும் கையில் எடுத்துப் பிழிந்தாராம். தச்சரின் ரொட்டியில் பால் வடிந்தது. அதிகாரியின் ரொட்டியில் இரத்தம் வடிந்தது. பிறரை வருத்திச் சேர்த்த செல்வம் எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

முதுமையில் நானக், ராவி ஆற்றங்கரையில் கர்தார்பூரை அமைத்து, தாமே ஏர் பிடித்து உழுதார். இறைவனை நினை, நேர்மையாக உழை, பகிர்ந்து உண் என்பவையே அவர் போதனையின் சாரம். 1539இல் மறையுமுன் தம் இரு புதல்வர்களையும் விட்டுவிட்டு, தொண்டிலே சிறந்த லெகனாவுக்கு அங்கத் எனப் பெயரிட்டுக் குருவாக்கினார். பிறப்பு அன்று, தகுதியே பெரிது என்று செயலால் காட்டினார். மூன்றாம் குருவான அமர்தாஸ், தம்மைக் காண வருவோர் முதலில் எல்லாருடனும் வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்று வகுத்தார். நாம் பந்தி என்பதைத்தான் அவர்கள் 'பங்கத்' என்கிறார்கள்.

நேயர்களே, நம் தோட்டங்களிலும் சாதி பார்த்துப் பந்தியைப் பிரித்த காலம் இருந்தது. பிரட்டுக் களத்தில் ஒன்றாக நின்று, ஒரே வெயிலில் வேலை செய்தவர்கள், திருவிழாச் சோற்றுக்குத் தனித்தனியே அமர்ந்தார்கள். அது முற்றும் ஒழிந்துவிட்டதா என்று நம் நெஞ்சையே கேட்டுக்கொள்வோம். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஈட்டிய சோறு லாலோவின் ரொட்டியைப் போன்றது. அதை உண்பதில் நமக்குத் தாழ்வில்லை. அடுத்தவரை அருகில் அமர்த்தி உண்ணும்போதே அது முழுமை பெறுகிறது.