பறவைக்கு அளித்த வாய்ப்பு: ஆங்கிலேய வேட்டையறமும் அதன் வர்க்க அடித்தளமும்

பறவை நிலத்தில் அமர்ந்திருக்கும்போது சுடலாகாது. பறந்து தப்பிச் செல்ல அதற்கொரு வாய்ப்பு அளித்தல் வேண்டும். குஞ்சு வளர்க்கும் பருவத்தில் அதனைத் தொடலாகாது. காயமுற்று வீழ்ந்ததைத் தேடிக் கண்டு அதன் வேதனையை முடிக்காது அப்பாற் செல்லலாகாது. ஆங்கிலேய நிலவுடைமையாளர் தம் பறவை வேட்டைக்கு வகுத்துக்கொண்ட இவ்வொழுக்கம் 'ஸ்போர்ட்ஸ்மன்ஷிப்' என்ற சொல்லால் உலகெங்கும் போற்றப்பட்டுள்ளது. இதனை வெறும் போலித்தனம் என்று ஒதுக்கிவிடுதல் நம்மிற் சிலருக்கு எளிதாகலாம். அவ்வாறு ஒதுக்குவது வரலாற்றாய்வு ஆகாது. இவ்வறம் எத்தகைய சமூக உறவுகளில் வேர்கொண்டது, எவருக்கு இயலுமானதாயிருந்தது என்பனவே நமது வினாக்கள்.

1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண் பெறுமதியான சொந்த நிலமோ 150 பவுண் பெறுமதியான குத்தகை நிலமோ உடையவர்க்கும், உயர்குடியினர் சிலருக்கும் மட்டுமே வேட்டையுரிமையை வழங்கிற்று. தகுதியற்ற சிறு விவசாயி தன் வயலிலே மேயும் கவுதாரியைப் பிடித்தாலும் குற்றவாளியே. நிலத்தகுதி 1831இல்தான் நீக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1828இன் இரவு வேட்டைச் சட்டம் மூன்றாம் முறை அகப்பட்டவனை 7 ஆண்டுகள் நாடுகடத்த வழிசெய்தது. களவு வேட்டைக்காரரை வீழ்த்தவெனப் புதர்களில் மறைத்து வைக்கப்பட்ட பொறித்துப்பாக்கிகள் இங்கிலாந்தில் 1827 வரை தடைசெய்யப்படவில்லை. பறவைக்கு அளிக்கப்பட்ட வாய்ப்பு மனிதனுக்கு அளிக்கப்படவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஈ. பி. தொம்சன், டக்ளஸ் ஹே முதலியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வுகளின் பின்னர், இச்சட்டங்களைச் சொத்துறவின் வரலாற்றிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாததாயிற்று.

வேட்டையறத்தின் உள்ளடக்கத்தையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். கண்ணியும் வலையும் இழிந்தவை, பறக்கும் பறவையைச் சுடுவதே மேன்மை என்பது அதன் மையக் கோட்பாடு. துப்பாக்கியின் ஓசை வேட்டைக்காரன் எங்கே நிற்கிறான் என்பதை ஊருக்கே அறிவிப்பது. உரிமையுடையவன் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கண்ணியோ ஓசையற்றது, உரிமையற்றவனின் கருவி. மேலும், பறவைக்கு வாய்ப்பளிப்பதென்றால் தன் குறி தவறுவதற்கும் இடமளிப்பதாகும். குறி தவறினால் அன்றிரவு வீட்டில் உலை வைக்க வழியில்லாதவன் அவ்வாய்ப்பினை எங்ஙனம் அளிப்பான்? இங்கு அறமென்று பேசப்படுவது பெரும்பாலும் ஓய்வின் மறுபெயரே.

எனினும், அதில் உண்மையான தன்னடக்கம் ஒன்று இருந்ததை மறுத்தல் தகாது. ஹெதர் செடி படர்ந்த வடபுல மேட்டுநிலங்களில் வாழும் குரௌஸ் பறவையை ஓகஸ்ட் 12க்கு முன்னர் கொல்லலாகாதென 1773இன் சட்டம் விதித்தது. (பாராளுமன்றப் பிரபுக்களின் நாட்காட்டியும் அத்தேதியை அனுசரித்துச் சென்றது வேறு கதை.) மோப்ப நாயுடன் நாள் முழுதும் நடந்து, பறவையின் இயல்பறிந்து, சிலவற்றைச் சுட்டுத் திரும்பிய பழைய வேட்டைக்காரனிடம் கொல்லப்படும் உயிர் பற்றிய அறிவும் ஒருவகை மதிப்பும் இருந்தன.

அதனை அழித்தவர் களவு வேட்டைக்காரர் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பின்புறமாகக் குண்டு செருகும் துப்பாக்கி பரவிற்று. புகையிரதம் நகரச் செல்வரை மேட்டுநிலத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தது. கூலியாட்கள் பறவைகளைக் கலைத்துத் துரத்த, மறைவிடத்தில் நின்றவர் சுட்டு வீழ்த்தும் முறை மேலோங்கிற்று. 1888 ஓகஸ்ட் 30இல் வால்சிங்கம் பிரபு யோர்க்ஷயரின் புளப்பர்ஹவுசஸ் மேட்டில் தனியொருவராக 1,070 குரௌஸ்களை வீழ்த்தினார். 1915 ஓகஸ்ட் 12இல் லங்காஷயரின் லிற்றில்டேல், அபிஸ்ரெட் மேடுகளில் எண்மர் ஒரே நாளில் வீழ்த்தியவை 2,929. அது உலகப்போரின் இரண்டாவது கோடைகாலம். விரைந்து தலைமேற் பறக்கும் பறவையைச் சுடுவதற்கே அதிக திறமை வேண்டும் என வாதிட்டோர் உளர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இவ்வாதத்தில் மதிப்புப் பெறுவது பறவையன்று, சுடுபவனின் கைத்திறனே. பழைய அறத்தின் சொற்கள் எஞ்ச, பொருள் எண்ணிக்கையாக மாறிற்று.

எண்ணிக்கை பெருக வேண்டின் போட்டியாளர் அகற்றப்படல் வேண்டும். நரியும் பருந்தும் காவலாளரால் கொல்லப்பட்டன. மனிதன் அப்பால் நிறுத்தப்பட்டான். டெவன்ஷயர் கோமகனின் குரௌஸ் நிலமாயிருந்த கிண்டர் ஸ்கௌற் மேட்டிலே, 1932 ஏப்ரல் 24இல், மன்செஸ்ரர் பகுதித் தொழிலாளரும் இளைஞரும் நூற்றுக்கணக்கில் தடையை மீறி ஏறினர். பறவைகள் கலையும் என்பது அவர்களைத் தடுப்பதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. ஐவர் சிறைசென்றனர், இளங் கம்யூனிஸ்டான பெனி றொத்மனுக்கு நான்கு மாதம். மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிற்று. 2002இல், அந்நிகழ்வின் எழுபதாண்டு நினைவுக் கூட்டத்திலே, அன்றைய டெவன்ஷயர் கோமகன் தம் பாட்டனாரின் செயலுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.