நாலுக்கு ஒன்று: மனம் நிறையாத ஒரு வெற்றி

போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியைத் தட்டித் துடைத்தபோது ஒரு டிக்கெட் கிடைத்தது. 26.10.2018, கோவை நேரு விளையாட்டரங்கம். சென்னை சிட்டி அணிக்கும் இந்தியன் ஆரோஸ் அணிக்கும் நடந்த கால்பந்து ஆட்டம். ஐ-லீக்கில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டமே அதுதான். அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

நான் பணி ஓய்வு பெற்ற ஆண்டு அது. வெள்ளிக்கிழமையில் லீவு எழுதிக் கொடுக்காமல் ஊருக்குப் போகலாம் என்பதே புதுமையாக இருந்தது! விடியற்காலை செம்மேட்டில் பஸ் ஏறி, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி, நாமக்கல் வழியாகக் கோவை போய்ச் சேர்ந்தேன். அங்கே மில்லில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான்.

இப்போதைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். நாடு முழுவதற்குமான கால்பந்து லீக் 1996ல் தேசிய லீக் என்ற பெயரில் தொடங்கியது. 2007ல் அதுவே ஐ-லீக் ஆனது. கல்கத்தா, கோவா அணிகள் கோலோச்சிய இடம். நம் பக்கத்திலிருந்து தொடக்க காலத்தில் இந்தியன் வங்கி அணி ஆடியது. பிறகு நெடுங்காலம் யாரும் இல்லை. 2016-17ல்தான் சென்னை சிட்டி நுழைந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் கோவையைத் தன் ஊராக்கிக்கொண்டது. மலைக்காரர்களான நமக்குச் சென்னையைவிடக் கோவை கிட்டம். அப்படித்தான் அது என் அணி ஆனது.

எதிரணி இந்தியன் ஆரோஸ் வேறு மாதிரி. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனமே இளைஞர்களை வளர்க்க நடத்திய அணி. வெளிநாட்டு வீரர் ஒருவரும் கிடையாது. கடைசி இடத்துக்குப் போனாலும் லீக்கிலிருந்து இறக்க மாட்டார்கள். 2017ல் நம் நாட்டில் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை நடந்ததே, அதில் ஆடிய பையன்களை வைத்துத்தான் இந்த அணியை மறுபடி தொடங்கினார்கள். அமெரிக்காவிடம் 0-3, கொலம்பியாவிடம் 1-2, கானாவிடம் 0-4. மூன்றிலும் தோல்விதான். ஆனாலும் கொலம்பியாவுக்கு எதிராக மணிப்பூர்ப் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்த கோல், உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா போட்ட முதல் கோல். அன்று வீட்டில் தனியாக உட்கார்ந்து கைதட்டியவன் நான்.

அந்தப் பையன்களின் அணியைத்தான் எங்கள் அணி 4-1 என்று வென்றது. பெட்ரோ மான்சி மட்டும் மூன்று கோல். உருகுவேயில் பிறந்து ஸ்பெயினிலிருந்து வந்தவர். நல்ல ஆட்டக்காரர், குறை சொல்ல முடியாது. அரங்கமே எழுந்து ஆடுகிறது. எனக்கு எழ மனம் வரவில்லை.

"என்ன சார், நாலு கோல் அடிச்சிருக்கோம், கம்முனு உக்காந்திருக்கீங்க?" என்றான் மாணவன்.

"அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கெல்லாம் மீசை முளைச்சுதாடா?" என்றேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் பள்ளி மைதானம் ஒரு பக்கம் சரிவு. பந்து உருண்டால் காப்பித் தோட்டத்துக்குள் போய்த் தேட வேண்டும். எட்டாம் வகுப்பு ஐந்தாம் வகுப்பை ஜெயித்துவிட்டுக் கூச்சல் போட்டால் நான் சத்தம் போட்டு அடக்குவேன். அந்தப் புத்தி அரங்கத்திலும் விடவில்லை. ஆரோஸ் ஒரு கோல் போட்டபோது என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. முந்தின ஆண்டு இதே அணியில் மின்னிய சூசைராஜ், குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை மீனவக் கிராமத்துப் பிள்ளை, ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போய்விட்டிருந்தார். எட்வின் சிட்னி வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம்மவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் தாக்குதலில் மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ என்று ஸ்பெயின் ஆட்களின் ராஜ்ஜியம். பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். இது எந்த ஊர் வெற்றி என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசனை. "பசங்களை அடிச்சதெல்லாம் ஒரு வெற்றியா" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

அந்தப் பேச்சுக்கு 2019 மார்ச் 9ஆம் தேதி பதில் வந்தது. கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. பிறகு மான்சி ஒன்று, தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு. 3-1. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. முடிவில் 43க்கு 42. ஒரே புள்ளியில் நாம் சாம்பியன்! தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் முறை.

ரஃப் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்டோபரில் அந்தப் பையன்களோடு டிரா செய்திருந்தால் 41. கோப்பை கல்கத்தாவுக்குப் போயிருக்கும். நான் மட்டமாகப் பேசிய மூன்று புள்ளிகள்!

2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. 2022ல் ஆரோஸ் அணியையும் கலைத்துவிட்டார்கள். அன்று மைதானத்தில் மோதிய இரண்டு அணிகளும் இன்று லீக்கில் இல்லை. ஆனால் ஆரோஸில் ஆடிய ஜீக்சன், சுரேஷ் சிங், ரஹீம் அலி எல்லாம் பிறகு இந்தியாவின் மூத்தோர் அணிச் சட்டை போட்டார்கள். ரஹீம் அலி சென்னையின் இன்னொரு அணியான சென்னையின் எஃப்சிக்கும் பல ஆண்டு ஆடினார். அவர் கோல் போடும்போது மட்டும் எனக்கு இரண்டு மனசு இருந்ததில்லை.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த தம்பி இதைப் படித்தால் போன் செய்யப்பா. என்னுடையது பத்திரமாக இருக்கிறது. உன்னுடையது இருக்கிறதா?