மேட்டுக்கு இருவர், நகருக்கு ஒருவருமில்லை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் மக்களவைக்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை மக்கள்தொகையைச் சாராது, பழைய வழக்கையும் நிலவுடைமையையும் சார்ந்திருந்தது. ஓல்டு சேரம் என்னும் தொல்லூர் அழிந்து, புல் மூடிய மேடாய்க் கிடந்தது. எனினும் அதற்கு உறுப்பினர் இருவர். நிலத்துக்குரியவர் கையிலேயே அவ்விடங்களும் இருந்தன. சென்னைக் கோட்டையின் ஆளுநராயிருந்த (1698–1709) தாமஸ் பிட் அந்நிலத்தை வாங்கியிருந்தார். அவருடைய பேரன் மூத்த வில்லியம் பிட் 1735-இல் அத்தொகுதி வழியாகவே நாடாளுமன்றம் புகுந்தார்.

நூலாலைகளால் பெருகிய மான்செஸ்டருக்கோ தனி உறுப்பினர் ஒருவருமில்லை. 1819 ஆகஸ்டு 16 அன்று பிரதிநிதித்துவம் வேண்டி அந்நகரின் செயின்ட் பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் திரண்டனர். குதிரைப்படை வாளோடு பாய்ந்தது; பதினைந்து பேருக்குக் குறையாமல் மாண்டனர்.

1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சேரம் உள்ளிட்ட 56 தொகுதிகளை நீக்கி, மான்செஸ்டருக்கு இரண்டு இடங்களை அளித்தது. ஆயினும் நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு மதிப்புள்ள வீட்டில் குடியிருந்த ஆடவரே புதிதாக வாக்குரிமை பெற்றனர். நகரத் தொழிலாளர் பலர் 1867 வரையும், நாட்டுப்புற உழவுத் தொழிலாளர் பலர் 1884 வரையும் காத்திருந்தனர். பெண்டிரோ 1918 வரை காத்திருக்க நேர்ந்தது. ஊருக்கு இடம் கிடைப்பது வேறு, ஊராருக்குக் குரல் கிடைப்பது வேறு என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது.