ஒளி மாசும் விளக்குச் சட்டங்களும்

கடைக்காரர்கள் விளம்பரத்துக்காக வானத்தை நோக்கி வீசிய தேடுவிளக்குகளுக்கு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃப்ளாக்ஸ்டாஃப் நகரம் 1958-இல் தடை விதித்தது. ஒளி மாசுக்கு எதிரான சட்டங்களில் இதுவே முன்னோடி. 1930-இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த லோவல் வானாய்வகம் இருக்கும் ஊர் அது.

விளக்குகளிலிருந்து மேலே கசியும் ஒளி, காற்றின் மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறுவதால் இரவு வானம் வெளிறுகிறது. நீல ஒளி மற்ற நிறங்களைவிட அதிகமாகச் சிதறும். அதனால் விளக்கின் திசையோடு நிறத்தையும் சட்டம் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஃப்ளாக்ஸ்டாஃப் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு ஏக்கர் நிலத்தில் மொத்தம் எத்தனை லூமன் (ஒளியளவின் அலகு) ஒளி இருக்கலாம் என்பதற்கே 1989-இல் வரம்பு கட்டியது. இந்த விதியின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. ஒளி மேலே போகாதபடி மூடியிட்ட விளக்கானாலும் தரையில் பட்ட ஒளியில் ஒரு பங்கு மேலே திரும்பும். விளக்குகளின் எண்ணிக்கை கூடினால் வானம் வெளுக்கத்தான் செய்யும்.

அவ்வூர்த் தெருக்களில் நெடுங்காலம் குறையழுத்த சோடியம் விளக்குகள் எரிந்தன. அவற்றின் அடியில் சிவப்புக் கார்கூட மங்கிய பழுப்பாகத்தான் தெரியும். ஏறக்குறைய முழு ஒளியும் ஒரே மஞ்சள் நிறம். அந்த ஒரு நிறத்தை மட்டும் வடிகட்டிவிட்டு வானியலாளர்கள் வேலையைத் தொடரலாம். அவ்விளக்குகளின் உற்பத்தி நின்றுபோனதால், நீலம் குறைந்த ஆம்பர் எல்இடிகளுக்கு நகரம் மாறத் தொடங்கியது. 2001-இல் உலகின் முதல் சர்வதேச இருள்வான நகரம் என்ற அங்கீகாரமும் அதற்குக் கிடைத்தது.

ஸ்பெயினின் லா பால்மா தீவு வானாய்வகங்களுக்காக 1988-இல் தனிச் சட்டமே வந்தது. விளக்குகளோடு விமானப் பாதைகளையும் அது கட்டுப்படுத்துகிறது.

ஆயினும் உலக அளவில் நிலைமை கவலைக்குரியது. 2011 முதல் 2022 வரை தன்னார்வலர்கள் வெறுங்கண்ணால் பார்த்துப் பதிவு செய்ததை ஆராய்ந்தபோது, வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் கூடியது தெரியவந்தது. வெள்ளை எல்இடிகளின் நீல ஒளியைச் செயற்கைக்கோள் கருவி சரிவரப் பிடிக்காததால், அதன் பதிவுகளில் இந்த ஏற்றம் முழுதாகத் தெரியவில்லை.

பல சட்டங்கள் புதிய விளக்குகளை மட்டும் கட்டுப்படுத்தி, பழையவற்றை விட்டுவிடுகின்றன. 2018 டிசம்பரில் பிரான்ஸ் பிறப்பித்த ஆணை அப்படி விடவில்லை. கடைகளின் காட்சிச் சாளர விளக்குகளைப் பொதுவாக நள்ளிரவு 1 மணிக்குள் அணைக்கச் சொன்னதோடு, ஒளியில் பாதிக்கு மேல் மேல்நோக்கி விடும் பழைய விளக்குகளை மாற்ற 2025 ஜனவரி 1 வரை கெடுவும் வைத்தது.