குப்பாவை அளந்த கணிதமேதை

பூவிருந்தவல்லி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டா குதுப்ஷாஹிகளின் ஆட்சிக்குள் வந்தது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரையூர்களின் பழைய கற்பள்ளிகள் தட்டைக் கூரையும் தூண் வரிசையும் கொண்டவை. தக்காணத்தாரோ குப்பாவில் பெருவிருப்பம் உடையவர்கள். வளைகூரை இப்பகுதிக்கு முன்பே தெரியாததன்று. அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயில் கோவிலின் விமானம் யானையின் பின்புறம் போல் வளைந்த தூங்கானை மாடமே.

இன்று அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் ஒரு ஜமாஅத் பள்ளிவாசலுக்குக் குப்பா எழுப்ப முனைந்தால் முதலில் எழும் கேள்வி, கலவை எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதே. பள்ளிப்பாடம் தரும் அரைக்கோள வாய்பாடு இங்கே முழுமையாக உதவாது. உச்சி கூர்ந்து எழும் குப்பா அரைக்கோளமன்று.

இக்கேள்விக்கு ஹிஜ்ரி 830இல் (கி.பி. 1427) விடை எழுதியவர் ஸமர்கந்தில் வாழ்ந்த கியாஸுத்தீன் ஜம்ஷீத் அல்காஷி. வட்டத்தின் சுற்றளவு விட்ட விகிதத்தை 16 தசம இடங்கள்வரை கணித்தவர் இவரே. இத்தகைய பேரறிஞர் கொத்தனாரின் கணக்குக்கு இறங்கி வந்ததுதான் வியப்பு. முன்னோர் வளைவுகளையும் கூரைகளையும் மேலோட்டமாகவே தொட்டுச் சென்றனர் என்றும், கட்டட அளவையில் மிகுதியாகத் தேவைப்படுவது இதுவே என்பதால் தாம் விரித்துரைப்பதாகவும் 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' நூலில் அவர் காரணம் கூறுகிறார். அளவில் குறைப்போரை எச்சரிக்கும் ஸூரத்துல் முதஃப்பிஃபீனை ஓதும் சமுதாயத்தில், இது வெறும் கணித ஆர்வம் மட்டுமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரது வழி எளியது. அடித்தளத்துக்கு இணையாகக் குப்பாவைப் பல வட்டங்களால் அடுக்குகளாகப் பகுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் உச்சி வெட்டப்பட்ட கூம்பாக ஏறக்குறைய அமையும். அவற்றின் கன அளவுகளைக் கூட்டினால் போதும். கூர்வளைவு ஒன்றைச் சுழற்றி உருவாகும் குப்பாவுக்கு ஆயத்த எண்ணையும் அவர் தந்தார்: விட்டத்தின் கனத்தை 0.306ஆல் பெருக்குக. அரைக்கோளத்துக்கு அவ்வெண் 0.262 மட்டுமே.

வெளிவிட்டம் 6 மீட்டர், உள்விட்டம் 5.8 மீட்டர் என வைத்துக்கொள்வோம். வெளிக் கன அளவிலிருந்து உள்ளதைக் கழித்தால் காஷியின் எண்ணின்படி 6.4 கன மீட்டர் காங்கிரீட். அரைக்கோளமாகக் கொண்டால் 5.5. ஏறத்தாழ ஒரு கன மீட்டரை எவரேனும் ஒருவர் தம் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். பூச்சு வேலைக்கும் தனி எண் உண்டு: விட்டத்தின் வர்க்கத்தை 1.775ஆல் பெருக்க வேண்டும். இக்குப்பாவின் வெளிப்பரப்பு 57 சதுர மீட்டரன்று, 64.